எதிரி புதைத்த ஜெனரல் மொண்ட்கோமரி: 42 ஆண்டுகள் கழித்து இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வி: கொட்டாஞ்சேனை ரீச்சர்

அமெரிக்கச் சுதந்திரப் போரில் இறந்த ஜெனரல் ரிச்சர்ட் மொண்ட்கோமரியைப் பற்றி வாசித்தவர்கள் இந்தக் குழுமத்தில் இருந்தால் எனக்கு உதவ வேண்டும். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை. சனிக்கிழமைகளில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இன்னும் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அமெரிக்கச் சுதந்திரப் போர் பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் தேநீர்ப் பெட்டிகளைக் கடலில் கொட்டியதும் வோஷிங்டனும் ஆண்டுகளும் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் பிள்ளைகள் போய்விடுகிறார்கள். ஒரு மனிதனின் முகம் தெரியாமல் அந்தப் பாடம் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஆகவே ஒரேயொரு கல்லறையை எடுத்துக்கொண்டு முழுப் பாடத்தையும் அதிலிருந்தே நடத்தலாம் என்று தீர்மானித்திருக்கிறேன்.

மொண்ட்கோமரியின் அந்தக் கல்லறை நியூயோர்க்கில் புரோட்வே வீதியில் சென்ற் போல்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. என் மகள் அந்தப் பக்கம்தான் வேலைக்குப் போகிறாள். படம் எடுத்து அனுப்பினாள். 1789இல் வோஷிங்டன் ஜனாதிபதியாகச் சத்தியம் செய்த கையோடு பிரார்த்தனைக்கு வந்த ஆலயம் அது. வீதியைப் பார்த்த பக்கத்தில், பெரிய ஜன்னலின் கீழ், வெள்ளைப் பளிங்கில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அமெரிக்கக் காங்கிரஸ் செலவு செய்து எழுப்பத் தீர்மானித்த முதலாவது நினைவுச்சின்னம் அதுதான்.

நானறிந்த கதையைச் சொல்கிறேன். மொண்ட்கோமரி 1738இல் அயர்லாந்தில், டப்ளினுக்குப் பக்கத்தில் சுவோர்ட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். 1756இல் ஆங்கிலேய மன்னரின் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, பிரெஞ்சுக்காரருக்கு எதிராக வட அமெரிக்காவிலும் பிறகு கரீபியன் தீவுகளிலும் போரிட்டார். அந்தக் காலத்தில் படை அதிகாரிப் பதவியைக் காசுக்கு வாங்கலாம், விற்கலாம். 1772இல் தன் பதவியை விற்றுவிட்டு நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்தார். நிலம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஜெனற் லிவிங்ஸ்டன் என்ற பெண்ணை மணந்தார். உழுது பயிரிட்டு அமைதியாக இருந்துவிடலாம் என்பதே அவருடைய ஆசை. இரண்டு ஆண்டுகூட அந்த அமைதி நிலைக்கவில்லை. 1775 ஜூனில் காங்கிரஸ் அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக நியமித்தது. பதினாறு ஆண்டுகள் எந்த மன்னரின் சம்பளத்தை வாங்கினாரோ அந்த மன்னருக்கு எதிராக வாளை எடுத்தார்.

கனடா மீது படையெடுத்துப் போனார். நவம்பரில் சென்ற் ஜோன் கோட்டை விழுந்தது, பிறகு மொன்றியல். மிச்சமிருந்தது கியூபெக் நகரம். அவருடைய வீரர்களில் பலருக்கு ஒப்பந்தம் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகிறது. ஜனவரி பிறந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேறு வழியில்லாமல் அந்தக் கடைசி இரவின் பனிப்புயலிலேயே தாக்கினார். ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் ஆறு, நடுவில் ஒடுங்கிய பாதை. முன்னால் அவரே நடந்தார். தடுப்பு வேலியை அறுத்து உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் எதிரே இருந்த வீட்டிலிருந்து பீரங்கி வெடித்தது. அவரும் அருகில் நின்ற உதவி அதிகாரிகள் இருவரும் அதே இடத்தில் விழுந்தார்கள். அவருக்கு வயது 37. தன்னை மேஜர் ஜெனரலாக உயர்த்தி மூன்று வாரங்கள் ஆகியிருந்தன என்ற செய்திகூட அவருக்கு வந்து சேரவில்லை.

பனி மூடிக்கிடந்த உடலை எடுத்து, சவப்பெட்டி செய்வித்து, 1776 ஜனவரி 4ஆம் திகதி நகரத்துக்குள் புதைக்க ஏற்பாடு செய்தவர் எதிரணியின் ஆளுநர் கை கார்ல்டன். அவரும் அயர்லாந்தில் பிறந்தவர். 1762இல் ஹவானா முற்றுகையில் இருவரும் ஒரே கொடியின் கீழ் நின்றவர்கள்.

1818இல் அந்த எலும்புகளைத் தோண்டி எடுத்து நியூயோர்க்குக்குக் கொண்டுவந்தார்கள். இங்கேதான் எனக்குச் சந்தேகம். இடையில் 42 ஆண்டுகள். எதிரியின் நகரம். எதிரி தோண்டிய குழி. இதுதான் இடம், இவர்தான் அவர் என்று எப்படி உறுதியாகச் சொன்னார்கள்? இந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். வெறும் நம்பிக்கையில் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.


பதில்: வெள்ளவத்தை நில அளவையாளர்

ரீச்சருக்கு வணக்கம். என் தொழிலோடு தொடர்புள்ள கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

இடத்தைக் காட்டியவர் ஜேம்ஸ் தொம்சன் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 1759இல் கியூபெக்கைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்த படையில் சார்ஜன்டாக வந்து, அந்த நகரத்திலேயே தங்கிவிட்டவர். 1775இல் அரண் வேலைகளின் மேற்பார்வையாளராக இருந்தார். மொண்ட்கோமரியை அடக்கம் செய்யும் பொறுப்பைக் கார்ல்டனின் ஆட்கள் இவரிடம்தான் கொடுத்தார்கள். உதவி அதிகாரிகள் இருவரையும் அங்கேயே பக்கத்தில் புதைத்தவரும் இவர்தான். சென்ற் லூயி வாயிலை அண்டிய பகுதி அது.

1818இல் தொம்சனுக்கு 85 வயதுக்கு மேல். அப்போதும் அதே நகரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார். புதைத்த அதே மனிதர் வந்து விரலை நீட்டி, இங்கே தோண்டுங்கள் என்றார். தோண்டினார்கள், கிடைத்தது. எங்கள் திணைக்களத்தில் ஒரு பழைய எல்லைக் கல்லைத் தேடிப் போனால் முதலில் ஊரில் மூத்த ஆளைத்தான் விசாரிப்போம். ஆனால் அவருடைய ஞாபகத்தை மட்டும் வைத்துப் படம் வரைய மாட்டோம். பக்கத்தில் அசையாத அடையாளம் ஒன்று வேண்டும், கிணறோ கோயில் மதிலோ. தொம்சனுக்கு அந்த அடையாளம் நகர மதில். அந்த மதிலைக் கட்டுவதும் திருத்துவதும் அவருடைய சொந்த வேலை. எந்த மூலையில் எத்தனை அடியில் என்ன இருக்கிறது என்பதை அவரைவிடத் தெரிந்த ஆள் அங்கே இருந்திருக்க முடியாது. ஆகவே நீங்கள் பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லலாம்.

இன்னுமொரு விஷயம். மொண்ட்கோமரியின் வாள் தொம்சனிடம் வந்து சேர்ந்தது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருநாள் அமெரிக்கக் கைதிகளை வைத்திருந்த இடத்துக்குப் போயிருக்கிறார். கைதிகள் அந்த வாளை அடையாளம் கண்டு கலங்கிப்போனார்கள். அதைப் பார்த்த பிறகு அவர் அதைக் கட்டிக்கொண்டு அவர்கள் முன்னால் போகவில்லை. அவருடைய குறிப்புகளில் இது இருக்கிறது.


கொட்டாஞ்சேனை ரீச்சர்

மிகவும் நன்றி ஐயா. புதைத்த கையே காட்டிக்கொடுத்தது என்றால் அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்! வாளைப் பற்றிய செய்தி நான் அறியாதது. அதைப் பாடத்தில் கட்டாயம் சேர்ப்பேன்.

இனி ஜெனற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமானவர் அவர். ஒன்றாக வாழ்ந்தது இரண்டரை ஆண்டுக்கும் குறைவு. அவர் மறுமணம் செய்யவில்லை. கணவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என்னுடைய போர்வீரன் என்றே சொல்வார். பிற்காலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் ஒரு வீட்டைக் கட்டி அதற்குக் கணவரின் பெயரை வைத்தார். கியூபெக்கிலிருந்து எலும்புகளைத் தரும்படி கனடாவின் ஆளுநர் ஷெர்புரூக்கிடம் கேட்கச் செய்தவரும் அவர்தான். நியூயோர்க் மாநில அரசு செலவை ஏற்றது. அவருடைய சகோதரனின் மகன் ஒருவர் கியூபெக் போய்ப் பொறுப்பெடுத்து வந்தார்.

ஜூலை 4ஆம் திகதி, அவர்களுடைய சுதந்திர தினத்தன்று, பெட்டி அல்பனி நகரில் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. பிறகு ரிச்மண்ட் என்ற நீராவிக் கப்பலில் ஏற்றி ஆற்றின் வழியே நியூயோர்க்குக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் கப்பல் வீட்டைக் கடக்கும் என்று ஜெனற்றுக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார்கள். தன்னைத் தனியே விட்டுவிடும்படி சொல்லிவிட்டு விறாந்தையில் போய் நின்றார். கப்பல் வீட்டுக்கு நேரே வந்து நின்றது. படையினர் இரங்கல் இசை வாசித்தார்கள், மரியாதை வேட்டுத் தீர்த்தார்கள், கப்பல் நகர்ந்து போயிற்று. உறவினர் பிறகு போய்ப் பார்த்தபோது அவர் மயங்கி விழுந்து கிடந்தார்.

1743இல் பிறந்தவர். அன்றைக்கு வயது 74 அல்லது 75. அதற்குப் பின்னும் பத்து ஆண்டுகள் உயிரோடிருந்தார்.

இதை வாசிக்கும்போதெல்லாம் நான் கார்ல்டனைத்தான் நினைக்கிறேன். படையெடுத்து வந்தவனின் உடல், அதுவும் மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீறியவனின் உடல். பொதுக் குழியில் தள்ளி மூடியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெட்டி செய்து, பெயர் சொல்லி, பொறுப்பான ஒருவரை வைத்துப் புதைத்ததால் அல்லவா ஒரு பெண்ணால் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கப்பலைப் பார்க்க முடிந்தது! எங்கள் நாட்டில் புதைத்த இடம் தெரியாமல் தேடிக்கொண்டிருக்கும் தாய்மார் வடக்கிலும் இருக்கிறார்கள், தெற்கிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்பும் பாடம் கார்ல்டன் அன்று செய்த காரியம்.


பதில்: மட்டக்குளி வரலாற்று மாணவன்

ரீச்சர், மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். கார்ல்டனை இவ்வளவு உயர்த்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மொண்ட்கோமரி அவர்களுடைய ஆள். அவர்களுடைய படையில் வளர்ந்தவர், அவர்களுடைய மொழி, அவர்களுடைய நிறம். அவர் இறந்த செய்தி லண்டனுக்குப் போனபோது பாராளுமன்றத்திலேயே பேர்க்கும் பொக்ஸும் பாரேயும் எழுந்து அவரைப் புகழ்ந்தார்கள். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் அவரோடு பழகியவர்கள். பிரதமர் நோர்த் பிரபு பதில் சொல்லும்போதுகூட, துணிவும் திறமையும் மனிதத்தன்மையும் கொண்டவர்தான், ஆனாலும் கலகக்காரர் என்றார். பகைவனைப் பற்றிப் பேசும் பேச்சா இது?

அதே 1818க்கு எங்கள் நாட்டுக்கு வாருங்கள். அப்போது இலங்கையின் ஆளுநர் ரொபேர்ட் பிரவுண்றிக். அவரும் அயர்லாந்தில், விக்லோவில் பிறந்தவர். ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த ஊவா வெல்லசக் கிளர்ச்சியை அடக்கி வரும்படி கெப்பெட்டிபொல திசாவை என்ற கண்டித் தலைவரை அரசாங்கம் படையோடு அனுப்பியது. அவர் போய்க் கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துவிட்டார். சேர்வதற்கு முன் அரசாங்கம் கொடுத்த துப்பாக்கிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார், அரசாங்கத்தின் ஆயுதத்தால் அரசாங்கத்தைச் சுட மாட்டேன் என்று. மொண்ட்கோமரிக்கு எந்த விதத்தில் இவர் குறைந்தவர்? 1818 நவம்பர் 26ஆம் திகதி கண்டி போகம்பரையில் அவருடைய தலையை வெட்டினார்கள். மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோய் எடின்பரோவில் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சிப் பொருளாக வைத்தார்கள். சுதந்திரம் கிடைத்த பிறகுதான் அது கண்டிக்குத் திரும்பி வந்தது.

ஜூலையில் ஓர் அயர்லாந்துக்காரரின் எலும்புகள் பீரங்கி மரியாதையோடு ஆற்றில் போகின்றன. நவம்பரில் ஒரு கண்டித் தலைவரின் தலை பெட்டியில் போகிறது. எலும்புகளைக் கொடுத்த ஷெர்புரூக்கே 1799இல் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்தை உடைத்து நுழைந்த அணி ஒன்றை நடத்தியவர். சொந்தக்காரனுக்கு ஒரு நீதி, எங்களுக்கு ஒரு நீதி. பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும்.


கொட்டாஞ்சேனை ரீச்சர்

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். கெப்பெட்டிபொலவை இந்தப் பாடத்தோடு சேர்த்தே சொல்வேன். அதே ஆண்டு என்பது பிள்ளைகளின் மனதில் நிற்கும்.

ஆனால் நிறமும் உறவும் மட்டுமே தீர்மானித்தன என்று முடித்துவிடாதீர்கள். நீங்களே திப்புவைச் சொன்னீர்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த மறுநாள், 1799 மே 5ஆம் திகதி, அதே ஆங்கிலேயப் படை மரியாதை அணி நிறுத்தித் திப்புவைத் தகப்பன் ஹைதர் அலியின் பக்கத்தில் அடக்கம் செய்தது. திப்பு அவர்களுடைய ஆள் இல்லை. முப்பது ஆண்டுகளாக அவர்களை நடுங்க வைத்த குடும்பம். எனவே ஒரே பேரரசுக்குள் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் பொறுப்பில் இருந்த மனிதன் என்ன முடிவெடுத்தான் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. கார்ல்டனும் பிரவுண்றிக்கும் ஒரே தீவில் பிறந்தவர்கள், ஒரே மன்னரின் ஊழியர்கள். ஒருவர் பெட்டி செய்யச் சொன்னார். மற்றவருடைய ஆட்சியில் மண்டையோடு கப்பல் ஏறியது.

இதற்கு நாங்கள் வெளிநாட்டுக்குப் போகவும் தேவையில்லை. துட்டகைமுனு எல்லாளனைக் கொன்ற இடத்தில் நினைவுத் தூபி எழுப்பி, அந்த வழியாகப் போகும் எவரும் மேளம் வாசிக்கக் கூடாது, வணங்கிப் போக வேண்டும் என்று கட்டளையிட்டதை மகாவம்சம் சொல்கிறது. நீங்கள் குறிப்பிட்ட அதே 1818இல், கிளர்ச்சி தோற்றுத் தப்பி ஓடிய பிலிமதலாவை அனுராதபுரம் வழியாகப் போனார். எழுந்து நிற்கவும் தெம்பில்லாத நிலை. எல்லாளனின் சமாதி எங்கே என்று சரியாகத் தெரியாது. அப்படியும் பல்லக்கிலிருந்து இறங்கி, சமாதியைக் கடந்தாகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரியும்வரை நடந்தே போனார். எல்லாளன் சமாதி என்று மக்கள் வணங்கிய மேடு உண்மையில் தக்கிண தூபி என்று தொல்லியலாளர் பிற்காலத்தில் சொன்னார்கள். அது வேறு விவாதம். ஒரு சிங்களத் தலைவர் உயிருக்குப் பயந்து ஓடும் வழியிலும் ஒரு தமிழ் மன்னனுக்காக இறங்கி நடந்தார் என்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்று நான் உளமார விரும்புகிறேன். எங்கள் வகுப்பில் இரண்டு மொழிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.


பதில்: ஒட்டுசுட்டானிலிருந்து மொன்றியல்

ரீச்சர், நான் மொன்றியலில் இருக்கிறேன். அவர் பிடித்த நகரம்! கொழும்பில் படித்த காலத்தில் கொட்டாஞ்சேனையில்தான் வாடகை அறையில் இருந்தேன், அதனால் உங்கள் பதிவைப் பார்த்ததும் உடனே எழுதத் தோன்றியது.

கியூபெக் நகரத்துக்குப் போயிருக்கிறேன். அவர் விழுந்த இடம் பாறையின் அடிவாரத்தில், இப்போது கார்கள் ஓடும் ஒரு வீதியின் ஓரத்தில் இருக்கிறது. பாறையில் பதித்த உலோகப் பலகை ஒன்று உண்டு. ஆனால் அந்தப் பலகை அவருக்காக வைக்கப்பட்டதில்லை. அவரைத் தடுத்து நிறுத்திய ஐம்பது பேரைப் போற்றுகிறது. கனடாவைக் காத்தவர்கள் என்று. அவருடைய பெயர் தோற்கடிக்கப்பட்டவரின் பெயராக மட்டும் வருகிறது. குளிர்காலத்தில் போனால் அந்த இடத்தின் கொடுமை புரியும். ஆற்றிலிருந்து வரும் காற்று நேரே முகத்தில் அறைகிறது. இருட்டில், பனிக்கட்டிகள் கரையில் குவிந்து கிடக்க, பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒற்றை வரிசையாக ஆட்கள் வந்திருப்பார்கள்.

அந்தப் பலகையைப் பார்த்தபோது எனக்கு வன்னியில் உள்ள எங்கள் கற்சிலைமடுதான் ஞாபகம் வந்தது. வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் ஆங்கிலேயரோடு போரிட்ட இடம். சின்ன வயதில் சைக்கிளில் அந்த வழியாகத்தான் போவோம். பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் இந்த இடத்தில் தோற்கடித்தார், 1803 அக்டோபர் 31 என்று ஆங்கிலத்தில் வெட்டிய கல். வென்றவன் தன் வெற்றிக்காக நட்ட கல்லுக்கு எங்கள் சனங்கள் மாலை போட்டார்கள். வேறு கல் இருக்கவில்லை. அந்தக் கல்லை வாசிக்கத் தெரியாத என் அம்மம்மா, கடந்து போகும்போதெல்லாம் தலைத் துணியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் நிற்பார்.

மாணவத் தம்பி சொல்வதும் சரி, ரீச்சர் சொல்வதும் சரி என்று எனக்குப் படுகிறது. ஆனால் பண்டாரவன்னியனுக்கு ஒரு தொம்சன் கிடைக்கவில்லை.


பதில்: பொரளைக் கல்வெட்டுக்காரர்

வணக்கம். எனக்குச் சரித்திரம் படித்த பழக்கம் இல்லை. கனத்தை மயானத்துக்குப் பக்கத்தில் கல்லறைக் கல் வெட்டுவது எங்கள் தொழில், தகப்பன் காலத்திலிருந்து. பேரப்பிள்ளை இந்த உரையாடலை வாசித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவன் எழுதுகிறான்.

ரீச்சரம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த நியூயோர்க் கல் எப்போது வெட்டியது? எலும்பு வந்தது 1818 என்கிறீர்கள். காங்கிரஸ் தீர்மானித்தது அதற்கு எவ்வளவோ முன்பு என்று படுகிறது. அப்படியென்றால் உள்ளே ஆள் இல்லாமலே கல் நின்றிருக்கிறதா?

ஏன் கேட்கிறேன் என்றால், எங்களிடமும் அப்படிக் கேட்டு வருகிறார்கள். முன்பு ஒருவர் இறந்து, அடக்கம் முடிந்து, மண் இறுகிய பிறகுதான் வீட்டுக்காரர் கல்லுக்கு வருவார்கள். மண் இறுகாமல் கல்லை வைத்தால் ஒரு மழைக்குச் சரிந்துவிடும். பிறகு ஒரு காலம் வந்தது, ஆள் கிடைக்கவில்லை, பெயரை மட்டும் வெட்டித் தாருங்கள் என்று வந்தார்கள். தாயின் கல்லறையில் கீழே இடம் விட்டு மகனின் பெயரையும் போடச் சொல்வார்கள். பிறந்த திகதியைச் சொல்வார்கள். மற்றத் திகதிக்கு என்ன போடுவது என்று நான் கேட்பதில்லை, அந்த இடத்தைச் செதுக்காமல் மட்டமாக விட்டுவிடுவேன். தமிழிலும் வெட்டியிருக்கிறேன், சிங்களத்திலும் வெட்டியிருக்கிறேன்.

படத்தில் இருப்பது வெள்ளைப் பளிங்கு. பளிங்கு மழைக்கு ஆகாது. ஆண்டுக்கணக்கில் மழைநீர் பட்டால் மேற்பரப்பு கரைந்து சீனி போலச் சொரசொரத்துவிடும், எழுத்தின் விளிம்பு மழுங்கிவிடும். கனத்தையில் வெள்ளைக்காரர் காலத்துப் பளிங்குக் கல் பலவற்றில் விரலால் தடவித்தான் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தைக் குழித்து ஈயம் வார்த்த கற்கள் கொஞ்சம் தப்பின. ஆனால் கல் கரைய ஈயம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், பிறகு ஒவ்வொரு எழுத்தாக விழும். அதனால்தான் இப்போது எல்லாரும் கறுப்புக் கருங்கல்லுக்கு மாறிவிட்டார்கள். அந்த நியூயோர்க் கல் இருநூறு ஆண்டுக்கு மேல் நிற்கிறது என்றால் மேலே கூரை இருக்க வேண்டும்.


கொட்டாஞ்சேனை ரீச்சர்

ஐயா, நீங்கள் கேட்டது மிகப் பெரிய கேள்வி. ஆம், உள்ளே ஆள் இல்லாமல்தான் கல் நின்றது.

அவர் இறந்த செய்தி கிடைத்ததும் 1776 ஜனவரி 25ஆம் திகதி காங்கிரஸ் தீர்மானம் போட்டது. சுதந்திரப் பிரகடனத்துக்கே இன்னும் ஐந்து மாதங்களுக்கு மேல் இருந்தது. நாடு பிறக்கும் முன் நினைவுக் கல்லுக்குச் சொல்லிவிட்டார்கள். பெஞ்சமின் பிராங்கிளின் அந்தப் பொறுப்பை ஏற்றுப் பாரிஸில் கபியேரி என்ற பிரெஞ்சுச் சிற்பியிடம் கொடுத்தார். 1777இல் சிற்பி முடித்துவிட்டார். ஆனால் போர் நடக்கும் கடலில் கல்லை அனுப்பி, அது வட கரோலினாவில் வந்து இறங்கி, பெட்டிகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, கடைசியில் 1780களின் பிற்பகுதியில்தான் ஆலயச் சுவரில் ஏறியது. நீங்கள் ஊகித்தபடி மேலே கூரை இருக்கிறது. அது ஆலயத்தின் தூண் மண்டபத்துக்குள் நிற்கிறது. அதன் பிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தக் கல் வெறும் பெயரைத்தான் தாங்கி நின்றது. எலும்புகள் வந்து 1818 ஜூலை 8ஆம் திகதிதான் அதனடியில் அடக்கம் செய்யப்பட்டன.

இத்தனை புத்தகங்களை வாசித்தும் அந்த முப்பது ஆண்டுகளை நான் நின்று யோசிக்கவில்லை. உங்கள் தொழில் தெரிந்தவருக்குத்தான் அது முதலில் கண்ணில் படுகிறது.

உங்களிடம் ஓர் உதவி கேட்கலாமா? வசதிப்படும் ஒரு சனிக்கிழமை எங்கள் வகுப்புக்கு வர முடியுமா? கெப்பெட்டிபொலவைப் பற்றி மட்டக்குளித் தம்பியும் வந்து பேசினால் நல்லது. என்னோடு அவர் முரண்படுவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும். நீங்கள் ஒரு சிறு கல்லையும் உளியையும் கொண்டுவந்து ஓர் எழுத்தை வெட்டிக் காட்டினால் போதும். தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று.


மட்டக்குளி வரலாற்று மாணவன்

வருகிறேன் ரீச்சர். கெப்பெட்டிபொலவின் கண்டி நினைவுத்தூபியின் படம் என்னிடம் இருக்கிறது. என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.


பொரளைக் கல்வெட்டுக்காரர்

வருகிறேன் அம்மா. மழைக்காலம் முடியட்டும், கல் சுமந்து பஸ்ஸில் வர வேண்டும். ஈயம் வார்த்துக் காட்ட வேண்டுமானால் வெளியில் அடுப்பு வைக்க இடம் வேண்டும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும், புகை நல்லதல்ல.

அதற்கு முன் மகளிடம் சொல்லி அந்தக் கல்லின் எழுத்தை மட்டும் மிகக் கிட்டத்தில், பக்கவாட்டிலிருந்து வெயில் விழும் நேரத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேரே எடுத்த படத்தில் வெட்டின் ஆழம் தெரியாது. அந்தப் பாரிஸ்காரர் உளியை எந்தச் சாய்வில் பிடித்தார் என்று பார்க்க வேண்டும்.